எவரெஸ்ட் சீசன்: அவ்வளவு பணம் கட்டிட்டு பாதியில் திரும்ப மனசு வருமா?

வாரம் ஆறு நாள் சிப்காட்டில் ஷிஃப்ட். ஞாயிறு விடிவதற்குள் ராயக்கோட்டை மலைக்கோட்டை, இல்லைன்னா எல்லை தாண்டி ராமநகரம் பாறைகள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி மலையேறும் ஆளா நீங்கள்? அப்படின்னா, மே மாதம் வந்தால் உங்கள் மொபைலில் எவரெஸ்ட் வீடியோக்கள் வரிசைகட்டி வரும். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்செல்வி 2023 மே 23 அன்று உச்சியைத் தொட்டு, எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். ‘அப்போ நாமளும் போகலாமே’ என்று தோன்றுவது நியாயம்தான். அதற்கு முன்னாடி அந்த சீசன் எப்படி நடக்குதுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

முதலில் உயரம். நம்ம ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மூன்று தொட்டபெட்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேல் ஓசூரின் உயரத்தையும் வைத்தால் கிட்டத்தட்ட எவரெஸ்ட் வரும். அதன் உயரம் 8,848.86 மீட்டர். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 8,000 மீட்டரைத் தாண்டினால் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு தேய்ந்துகொண்டே இருக்கும்.

சீசன் என்னவோ ஏப்ரல், மே என்று இரண்டு மாதம். ஏப்ரல் முழுக்க ஏறி இறங்கி, மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்குவதிலேயே போய்விடும். உச்சியில் வீசும் அசுரக் காற்று மே நடுவில்தான் கொஞ்சம் விலகும். ஜூனில் பருவமழை வந்துவிடும். நடுவில் கிடைப்பது சில நாட்கள். கூடாரத்தில் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான பேரும் ஒரே வானிலை அறிக்கையைப் பார்த்து, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள். 2019 மே 22 அன்று எடுத்த அந்த நெரிசல் படம் நினைவிருக்கா? காலை ஷிஃப்ட் நேரத்து அத்திப்பள்ளி சோதனைச்சாவடி மாதிரி இருந்தது. அங்கே நின்றவர்களின் சிலிண்டரில் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டிருந்தது என்பதுதான் வித்தியாசம். அந்த சீசனில் 11 பேர் இறந்தார்கள். 2023-ல் நேபாளம் 470-க்கும் அதிகமானவர்களுக்கு அனுமதி கொடுத்தது. குறைந்தது 17 உயிர்கள் போயின.

அனுமதி எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள் என்று நேபாள உச்ச நீதிமன்றமே 2024-ல் சொன்னது. அரசு கையில் எடுத்ததோ கட்டணத்தை. வசந்தகால சீசனுக்கு 11,000 டாலராக இருந்தது 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். நம்ம பணத்தில் சுமார் 13 லட்சம். இந்தியர்களுக்கும் இதே வெளிநாட்டவர் கட்டணம்தான். ஏஜென்சி, ஷெர்பா, ஆக்ஸிஜன், உடை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் 30 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். 8,000 மீட்டருக்கு மேலான சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம் என்ற விதியும் வந்திருக்கிறது. இது நல்ல விதி. கட்டண உயர்வு கூட்டத்தைக் குறைக்கும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. பணக்காரருக்கு இந்த 4,000 டாலர் ஒரு பொருட்டே இல்லை. நிலத்தை அடமானம் வைத்து, பி.எஃப். பணத்தை எடுத்து, ஊரில் நன்கொடை திரட்டிப் போகிறவருக்குத்தான் அடி. அவர் அந்தப் பணத்தை வேறெங்கே மிச்சம் பிடிப்பார்? மலிவான ஏஜென்சியில், ஒரு சிலிண்டர் குறைவாக எடுப்பதில்.

அதைவிட ஆபத்தானது மனசுக்குள் நடப்பது. ஓசூரில் வாகன ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘லைன் ஸ்டாப்’ தெரிந்திருக்கும். கோளாறு கண்ணில் பட்டால் நேற்று சேர்ந்த பையன்கூட கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். எவரெஸ்ட்டில் அதற்கு நிகரானது திரும்பும் நேரம். பகல் 1 மணி, அதிகபட்சம் 2 மணிக்குள் உச்சியைத் தொடவில்லை என்றால், பத்தடி தூரம் பாக்கி இருந்தாலும் இறங்கியாக வேண்டும். 1996 மே 10 அன்று பலர் அதைத் தாண்டி ஏறினார்கள். மாலையில் புயல் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள். 2025 மே மாதத்தில்கூட இந்தியர் ஒருவர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது ஹிலாரி ஸ்டெப் அருகே உயிரிழந்தார்.

ஆலையில் லைனை நிறுத்தினால் நஷ்டம் கம்பெனிக்கு. மலையில் நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்கு: பணமும் போச்சு, வழியனுப்பும்போது மாலை போட்ட ஊருக்குப் பதிலும் சொல்லணும். 2016-ல் ஓர் இந்தியத் தம்பதி உச்சியில் நிற்பது போலப் படத்தை ஒட்டு வேலை செய்து மாட்டிக்கொண்டு, நேபாளத்தின் 10 ஆண்டு தடைக்கு ஆளானது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் சிலிண்டரை மேலே கொண்டுபோய் வைப்பவர் ஒரு ஷெர்பா. கும்பு பனிச்சரிவை நீங்கள் சில தடவை கடந்தால், அவர் சுமையோடு பல தடவை கடக்கிறார். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிப்பாளம் சரிந்து இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள்.

போகவே கூடாதா? போங்க. ராயக்கோட்டையும் ராமநகரமும் காலுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. ஆனால் பனியையும் மெல்லிய காற்றையும் அவை சொல்லித் தராது. டார்ஜிலிங், உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனங்களில் சுமார் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால் அடுத்த நிலைப் பயிற்சி. அதன்பிறகு 6,000, 7,000 மீட்டர் சிகரங்கள். சில வருடங்கள் ஆகும், லீவுக்கு சூப்பர்வைசரிடம் பல தடவை நிற்க வேண்டியிருக்கும்.

அதற்கெல்லாம் பிறகு ஏஜென்சிக்குப் போன் பண்ணும்போது விலையைக் கடைசியில் கேளுங்க. எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதை முடிவு செய்வது யார், எனக்கு எத்தனை சிலிண்டர், ஷெர்பாவுக்கு எத்தனை, அவருக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கட்டினால் போதும்.