ஈமெயிலுக்கும் ஒரு சாவி!

வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டால்தான் வெளியே போக மனம் வரும். ஈமெயிலுக்கும் அப்படி ஒரு சாவி இருக்கிறது. விரல் அளவே இருக்கும். அதைக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ செருகித் தொட்டால் கணக்கு திறக்கும். கடவுச்சொல்லைத் திருடியவன்கூட இந்தச் சாவி இல்லாமல் நுழைய முடியாது.

"செல்போனுக்குத்தான் ஓ.டி.பி. வருகிறதே! சாவி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

76 பேருக்கு வலை

அமெரிக்காவில் 'கிளவுட்பிளேர்' என்ற இணையக் கம்பெனி இருக்கிறது. 2022 ஜூலை மாதம், அதன் ஊழியர்கள் 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் எஸ்.எம்.எஸ். வந்தது. கம்பெனியே அனுப்பியது போல் இருந்தது. ஆனால் அது காட்டிய இணையதளம் போலி! 3 ஊழியர்கள் அதை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. காரணம், ஊழியர் ஒவ்வொருவரிடமும் இந்தச் சாவி இருந்தது.

இணையத்தைக் காப்பதே தொழிலாகக் கொண்ட கம்பெனியில் வேலை பார்ப்பவர்களே ஏமாந்தார்கள். குடும்பத் தலைவியும் பென்ஷன் வாங்கும் பெரியவரும் ஏமாந்தால், அவர்களைக் குறை சொல்லலாமா?

கண் ஏமாறும், சாவி ஏமாறாது

ஓ.டி.பி. எண்ணை மனிதர் போலித் தளத்திலும் எழுதிவிடுவார். திருடன் அதே நொடியில் அதை அசல் தளத்தில் போட்டு நுழைந்துவிடுவான். சாவியோ, பதிவு செய்த தளத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் வாய் திறக்காது.

எல்லோருக்கும் தேவையா?

எல்லாக் கணக்குக்கும் தேவையில்லை. பெரும்பாலான வங்கிகள் இன்னும் ஓ.டி.பி.யையே கேட்கின்றன. அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதே அங்கு காவல்.

ஆனால் ஈமெயில் தலைவாசல் போன்றது. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. அது திருட்டுப் போனால் மற்றவையும் போகும். ஆகவே அதற்குச் சாவி அவசியம். வாங்கினால் இரண்டாக வாங்க வேண்டும். ஒன்று கையில், ஒன்று பீரோவில். இருப்பது ஒன்றே என்றால், அது தொலைந்த அன்று சொந்தக்காரரே வெளியே நிற்க நேரிடும்!

இரண்டுக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். புதிய செல்போன்களில் 'பாஸ்கீ' என்ற வசதி இருக்கிறது. அதுவும் போலித் தளத்துக்குப் பதில் சொல்லாது. காசும் கிடையாது.

பீரோவில் உள்ள நகைக்குப் பூட்டுப் போடும் குடும்பம், ஈமெயிலைத் திறந்து போடலாமா?