மருந்துக்குத் தடையில்லை என்று எழுதாதீர்கள்



பொருளாதாரத் தடைகளை ஆதரித்து வந்த உங்கள் தலையங்கத்தில், 'உணவுக்கும் மருந்துக்கும் எப்போதும் விலக்கு உண்டு' என்று ஒரு வரி. 30 வருடம் தீக்காய வார்டில் கட்டு மாற்றியவள் நான். அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பிறவி நோய் உள்ள பிள்ளைகளை ஈரானில் 'வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள்' என்கிறார்கள். சட்டை உரசினாலே தோல் கொப்பளித்து உரியும். சாதாரண காஸ் துணி வைத்துக் கட்டினால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சலைன் ஊற்றி ஊறவைத்துப் பொறுமையாக எடுத்தாலும் புதுத்தோலும் கூடவே வரும். பிள்ளை கத்துகிற கத்தல் வார்டு வாசல்வரை கேட்கும். ஒட்டாத சிலிகான் ஃபோம் கட்டு ஒன்று உண்டு. 2018இல் அமெரிக்கா ஈரானுடனான அணு ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்ததும், அதை ஈரானுக்கு அனுப்பிவந்த ஐரோப்பிய நிறுவனம் நிறுத்திவிட்டது.

சட்டப்படி அந்தக் கட்டுக்குத் தடையே கிடையாது. பணம் எந்த வங்கி வழியாகப் போகும்? அமெரிக்க அபராதத்துக்குப் பயந்து, ஈரான் என்றாலே வங்கிகள் கையை விரிக்கின்றன. ஈரான் தொடுத்த வழக்கில், மருந்துக்கும் உணவுக்கும் அமெரிக்கா குறுக்கே நிற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 3 அன்று சர்வதேச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அமெரிக்கா அன்றைக்கே, அந்த வழக்குக்கு அடிப்படையான, ஈரானுடனான 1955ஆம் ஆண்டு நட்பு ஒப்பந்தத்தையே முறிப்பதாக அறிவித்தது!

தெஹ்ரான் ஆட்சியாளர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சொந்த மக்களையே சுட்டவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து எப்படியாவது வந்து சேர்ந்துவிடும் அல்லவா? நிறவெறிக்கு எதிரான தடைகளைக் காட்டி, தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள் என்பீர்கள். அங்கே தடை போடுங்கள் என்று உலகத்தைக் கேட்டதே ஒடுக்கப்பட்டவர்களின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்தான். இந்தப் பிள்ளைகள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஈரான் எண்ணெய்க்கான பணத்தைக் கொல்கத்தா யூகோ வங்கியில் ரூபாயாகக் கட்டிவந்தோம். அந்த ரூபாயில் ஈரான் நம் அரிசியையும் மருந்தையும் வாங்கியது. 2019 மே மாதம், அமெரிக்கா தந்த சலுகைக் காலம் முடிந்ததும் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம். அந்தக் கணக்குக்கு வரும் பணமும் நின்றது.

மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் மட்டுமாவது அப்படியொரு ரூபாய் வழியைத் திறக்கும்படி மத்திய அரசை உங்கள் அடுத்த தலையங்கம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை