சதுரங்க அரிசிக் கதையில் சொல்லாமல் விட்ட பாதி

சதுரங்கப் பலகையை வைத்து ராஜாவிடம் அரிசி கேட்ட புலவர் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்துக்கு 1, அடுத்ததுக்கு 2, அப்புறம் 4, 8 என்று 64 கட்டத்துக்கும் இரட்டிப்பு. மொத்தம் 18446744073709551615 அரிசி. ராஜாவின் களஞ்சியம் காலி. "எவ்ளோ பெரிய நம்பர்!" என்று வகுப்பே வாய் பிளக்கும். அதோடு பாடம் முடிந்தது.

பெரிதாக இருப்பது மட்டும் ஒரு எண்ணுக்குப் பெருமையா என்ன? 1 கூட்டினால் அதைவிடப் பெரிய எண் வந்துவிடும். இதன் விசேஷமே உள்ளே இருக்கிறது.

இந்த எண் 2^64 − 1. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தும் பள்ளிக்கூடச் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? அதைப் போட்டால் (2^32 + 1) × (2^32 − 1). இரண்டாவதை அதே மாதிரி மறுபடி மறுபடி உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

2, 4, 16, 256 என்று ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, அதோடு 1 கூட்டினால் வருகிற எண்கள் இவை. முதல் ஐந்தும் பகா எண்கள். அப்படியானால் ஆறாவது? இந்த வரிசையில் எத்தனை தூரம் போனாலும் எல்லாமே பகா எண்தான் என்று 1640-இல் பியர் டி ஃபெர்மா நம்பினார். அவரிடம் நிரூபணம் இல்லை. சாதாரண ஆளா அவர்!

1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். 4294967297 = 641 × 6700417. கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது! அதன் பிறகு இன்றுவரை இந்த வரிசையில் ஆறாவது பகா எண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நம் வகுப்புகளில் நடப்பது என்ன? மூன்று உதாரணம் சரியாக வந்தால் "ஆகவே எப்போதும் சரி" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிறோம். நிரூபணம் என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யவேண்டிய ஐந்து மார்க் சமாச்சாரம். அது எதற்கு என்று கேட்பவனும் இல்லை, சொல்பவரும் இல்லை. ஐந்து உதாரணம் சரியாக வந்தும் ஆறாவதில் ஃபெர்மாவே சறுக்கினார் என்று சொன்னால், நிரூபணம் எதற்கு என்பது எந்த மாணவனுக்கும் புரிந்துவிடும். அதற்கு ஒரு பீரியட் போதும், புதுச் சூத்திரம் எதுவும் வேண்டாம்.

அடுத்த தடவை யாராவது அரிசிக் கதை சொன்னால், 641-ஐயும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.