காமிரா பார்த்தது, பெட்டி அழித்தது!

வடுகபட்டி பூண்டுச் சந்தையில் ஒரு மூட்டை காணாமல் போனால், "காமிராவைப் பார்" என்பார்கள். பார்க்கலாம். படம் இருக்க வேண்டுமே!

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் இருந்ததா? 2020 ஜூன் மாதம் அங்கே வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்சும் போலீஸ் நிலையத்தில் தாக்கப்பட்டு, பிறகு இறந்தார்கள். மாஜிஸ்திரேட்டு நேரில் போய்ச் சோதித்தார். காமிரா இருந்தது. பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. பல நாள் படம் தங்கும் இடம் அது! ஆனால், அன்றாடப் படம் தானாகவே அழியும்படி வைத்திருந்தார்கள். சம்பவத்தன்று பதிந்த படம் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. போலீஸ் நிலையப் படங்களை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு வசதி கிடைக்காவிட்டாலும், ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது.

கடைக்காரர் கணக்கு சின்னது. ஒரு காமிராவுக்கு நாளொன்றுக்கு 20 ஜி.பி. என்று வையுங்கள். நாலு காமிரா இருந்தால், ஒரு டெராபைட் பெட்டியில் 12 நாள் படம்தான் தங்கும். பிறகு பழையதன் மேல் புதியது பதியும். பெட்டியின் கடிகாரம் பிசகினால், இருக்கிற படத்தைத் தேடுவதும் பெரும்பாடு. எனவே, திருட்டு தெரிந்த அன்றே அந்தப் படத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.