நடப்பவர்கள் இல்லாத ஊரா காரைக்குடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

"இப்ப யாருங்கம்மா நடந்து போறா? எல்லார் வீட்லயும் வண்டி நிக்குது." போன வாரம் நடைபாதைக்காக ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எனக்குச் சொன்ன பதில் இது. மனுவை வாங்கிக்கொண்டார், முத்திரையும் குத்தினார். ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்காள் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வந்தார்கள். அந்த ரயில் நம் ஜங்ஷனுக்கு வந்து சேரும்போது இரவு பத்து மணி தாண்டிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அன்று வாசலில் டவுன் பஸ் எதுவும் இல்லை. "ஏறுங்க ஆச்சி, இந்நேரத்துக்கு வேற வண்டி கிடைக்காது" என்று ஆட்டோக்காரர் ஒரு தொகை சொன்னார். அது சென்னையிலிருந்து வந்த டிக்கெட் காசுக்குப் பக்கத்தில் நின்றது. அக்காளுக்கு அறுபத்தெட்டு வயது. காலில் ஒரு குறையும் கிடையாது, தினமும் கோயிலுக்கு நடந்து போய்வருகிறவர்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார்கள். கொஞ்ச தூரம் நடைபாதை இருந்தது. பிறகு அதன்மேல் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல். அதைச் சுற்றிப் போனால் மூடியில்லாத சாக்கடை. அதற்கப்பால் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். வேறு வழியில்லாமல் சாலையில் இறங்கினார்கள். பின்னால் வந்த ஒரு டூவீலர் பெட்டியில் உரசியது, கீழே விழுந்தார்கள், வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. இப்போது சோறு பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன்.

இப்படி ஒருத்தி கை ஒடிந்து கிடக்கிறாள் என்று மனுவில் எழுதிக் கொடுத்தால், நடக்கிறவர்களே இல்லை என்கிறார்கள்! தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனி வரைக்கும் நடக்கிற ஜனம் ஐயா இது. செவ்வாய்ப் பெருந்திருவிழாவுக்குக் கொப்புடையம்மன் கோயிலில் கூடுகிற கூட்டம் காரில் வந்தா இறங்குகிறது? கல்லூரிச் சாலையில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்க்கட்டும். கல்லுக்கட்டியில் ஜவுளியும் பாத்திரமும் வாங்க வருகிற பெண்களையும், விடிகாலையில் கீரைக்கட்டைத் தலையில் சுமந்து மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாக்களையும் பார்க்கட்டும். இவர்களெல்லாம் கணக்கில் வரவில்லை என்றால் கணக்கு எடுத்தவர்கள் மேல்தான் தப்பு.

செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்களுக்கு ஊர் அமைக்கத் தெரிந்திருந்தது. கயிறு பிடித்தாற்போல நேர்த் தெருக்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வீடுகள். கூரையில் விழுந்த மழைநீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும். கோயிலும் கடைவீதியும் நடக்கிற தூரத்தில். நம் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் ஏறியதற்குத் தனித்தனி அரண்மனைகளின் அழகு மட்டும் காரணம் அல்ல. தெருவும் ஊருணியும் கோயிலும் சேர்ந்து ஊராக நிற்கிற விதமும் காரணம். அந்த ஊரில்தான் இன்றைக்கு ஒரு கிழவியால் ஜங்ஷனிலிருந்து வீட்டுக்குப் பத்திரமாக நடந்துவர முடியவில்லை.

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் என்று சுற்றியிருக்கிற ஊர்களும் சேர்ந்துவிட்டன. சந்தோஷம். மாநகராட்சி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பலரும் ஒரே குரலில் சொல்வது: "ஊர் பெருத்துப் போச்சு, எல்லாத்தையும் பைபாஸுக்குக் கொண்டு போயிரணும்." பஸ் ஸ்டாண்டு பைபாஸுக்கு, அலுவலகங்கள் பைபாஸுக்கு, கல்யாண மண்டபம் பைபாஸுக்கு. அங்கே போக ஜனங்களுக்கு வழி? அதை யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் ஏற்கெனவே ஜங்ஷன் ஒரு பக்கம், புதுப் பேருந்து நிலையம் இன்னொரு பக்கம். ரயிலில் வந்து தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் ஏற வேண்டியவர் நடுவில் ஆட்டோவுக்கு அழுதே ஆக வேண்டும். இன்னும் தூரத் தள்ளினால் ஆட்டோ கட்டணம் கூடும், டூவீலர் விற்பனை கூடும். வேறென்ன கூடும்?

பட்டுத் தெரிந்துகொள்ள நாம் எங்கும் போக வேண்டாம். சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கத்தைப் பார்த்தோமே. சுமார் 88 ஏக்கரில் பேருந்து முனையம் கட்டி 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். கட்டடத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்சார ரயில் ஓடும் தண்டவாளம் கூப்பிடு தூரத்தில் கிடக்க, திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு அங்கே பட்ட பாட்டை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறோம். முதலில் முனையம், ரயில் பிறகு, நடைமேம்பாலம் அதற்கும் பிறகு என்றால் அதற்குப் பெயர் திட்டமா?

மத்திய அரசே 2017-இல் ஒரு கொள்கை வெளியிட்டது. மெட்ரோ, ரயில், பேருந்து என்று பெருவாரி மக்கள் பயணிக்கும் நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டருக்குள் வீடும் கடையும் அலுவலகமும் கலந்து நெருக்கமாக வரட்டும், அந்த வட்டத்துக்குள் நடக்கிறவருக்கே முதல் இடம் என்பதுதான் அதன் சாரம். சிங்கப்பூரில் தோ பாயோவுக்குப் போனவர்கள் நம் ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். அங்கே ரயிலை விட்டு மேலே ஏறினால் பேருந்து, பேருந்தை விட்டு இறங்கினால் கடை, வீட்டுவசதிக் கழகத்தின் தலைமை அலுவலகம், நூலகம். அதைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள். "அவங்க கிட்டே காசு இருக்கு" என்பார்கள். நடைபாதை மேல் கிடக்கும் மணலை அள்ளுவதற்கு எந்த நாட்டுக் காசு வேண்டும்?

வெயிலில் யார் நடப்பார்கள் என்று இன்னொரு கேள்வி. வேம்பும் புங்கனும் வைத்தால் நடப்பார்கள். கடைக்காரர்கள் எதிர்ப்பார்களாம். சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் அகல நடைபாதை போட்டார்களே, அங்கே வியாபாரம் நின்றுபோயிற்றா? நடைபாதை வியாபாரிகளை என்ன செய்வது என்பது மட்டும்தான் நியாயமான கேள்வி. அதற்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கென்று இடம் ஒதுக்கிக் கொடுக்கச் சொல்கிறது. பூக்கட்டுகிற அம்மாவை விரட்டிவிட்டு அந்த இடத்தில் புல்லட் நிறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். சட்டம், கொள்கை, அளவு எல்லாம் தாளில் இருக்கின்றன. நடைபாதைக்குத் தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்கான நடைபாதை, உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து "யாருங்கம்மா நடந்து போறா" என்கிறார்கள். அவர்கள் அலுவலக ஜீப்பை விட்டு இறங்கி, இரவு பத்தரை மணிக்கு ஒரு பெட்டியோடு ஜங்ஷனிலிருந்து எங்கள் செக்காலை வரைக்கும் ஒரு தடவை நடக்க வேண்டும். ஒரே ஒரு தடவை.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. பல்லவன் வரும் நேரத்துக்கு ஜங்ஷன் வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்கட்டும், அது புதுப் பேருந்து நிலையம் வழியாகப் போகட்டும். ஜங்ஷனை அம்ருத் பாரத் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பிக்கிறார்களே, அந்தப் பளபளப்பு ரயில்வே காம்பவுண்டோடு நின்றுவிடாமல், அதன் வாசலிலிருந்து பழையது, புதியது என்று இரண்டு பேருந்து நிலையங்களுக்கும் விளக்கோடு நடைபாதை வரட்டும். மாநகராட்சிக்கு வரும் முழுமைத் திட்டத்தில் ஜங்ஷனையும் பேருந்து நிலையங்களையும் சுற்றி 800 மீட்டருக்குக் கோடு போட்டு, கீழே கடை, மேலே வீடு என்று கட்ட அனுமதி கொடுக்கட்டும். வாடகைக்கு இருக்கிற ஏழைக் குடும்பங்களுக்கும் அந்த வட்டத்துக்குள் வீடு வேண்டும். பைபாஸ் ஓரத்தில் வயலை மனைபோட்டு விற்கிறவர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

முழுமைத் திட்டம் இறுதியாவதற்கு முன்பு மக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். அந்த வரைபடத்தைத் தமிழில், தெருப் பெயர்களோடு, ஒவ்வொரு வார்டிலும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். கெடு முடிந்த பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் விளம்பரம் போட்டுவிட்டு, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செக்காலை, காரைக்குடி.