கெட்டியாப் போட்டா உடையாதாம்!

சென்னைப் பட்டினப்பாக்கத்தில் கரையேற்றிக் கிடந்த ஒரு ஃபைபர் போட்டின் நிழலில், பெயின்ட் டப்பா மூடியில் கியர் ஆயிலை வடித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விரலை விட்டுத் துழாவினால் அடியில் மூன்று பற்கள், கியர் சக்கரத்தின் பற்கள், நறநறவென்று தட்டுப்பட்டன.

“விசிறியில போடுற பின்னு அடிக்கடி ஒடையுது சார். மாத்தி மாத்தி அலுத்துட்டேன். அதான் கெட்டியா ஒரு ஸ்டீல் போல்ட்டா போட்டு வுட்டேன்” என்றார் போட்டுக்காரர். பின்னு அப்புறம் உடையவேயில்லை. கியர்தான் உடைந்தது. அதற்கும் அவரிடம் வைத்தியம் தயார்: “அடுத்த வாட்டி பெரிய இஞ்சினா போட்டுடணும்.”

இவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்த வீடுகள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கொஞ்சமா? உடைந்தால் கெட்டியாகப் போடு, போதவில்லையென்றால் பெரிதாகப் போடு என்பது படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை. கடலில் அதற்கு விலை அதிகம் என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பின்னு உடைவதற்கென்றே செய்யப்பட்டது. அடையாறு முகத்துவாரத்து மணல்திட்டில் விசிறி இடிக்கும், அறுந்த நைலான் வலை சுற்றிக்கொள்ளும், ஊர் கொட்டிய பிளாஸ்டிக் பை வந்து அடைக்கும். அந்த அடியை யாராவது வாங்கியாக வேண்டும். மலிவான துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு செத்தால் கியர் பிழைக்கும். பின்பலகையில் தொங்கும் பெரிய அவுட்போர்டு இஞ்சின்களில் இதே வேலையை விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கிக்கொடுத்துச் செய்கிறது. பின்னைப் பலப்படுத்தியவர் அடியைத் தடுக்கவில்லை. அதை விலை கூடிய பாகத்துக்கு அனுப்பி வைத்தார், அவ்வளவே.

நீள ஷாஃப்டின் நுனியில் விசிறி சுழலும் லாங்டெயில் இஞ்சின்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: “நாங்க ஷாஃப்டைத் தடிமனாக்கினோம், நின்னுச்சே?” நிற்கும். மறுக்கவில்லை. ஷாஃப்டின் முறுக்குத் தாங்கும் வலு அதன் விட்டத்தின் முப்படிக்கேற்பக் கூடும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டை 28 ஆக்கினால் வலு 40 சதவீதம் ஏறும். நல்ல லேத்துக்காரர் கையில் இது பெரிய வித்தையில்லை. ஆனால் 10 குதிரைத்திறன் இருந்த இடத்தில் அதே சுற்றில் ஓடும் 20-ஐ வைத்தால் முறுக்கு இரட்டிப்பு. அதை ஷாஃப்டில் சாவி உட்காரும் சாவிக்காடி, கப்ளிங், போல்ட்டு, புஷ், கடைசியில் போட்டின் பின்பலகை எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டும். சாவிக்காடியின் கூர்மையான மூலையில்தான் பெரும்பாலும் விரிசல் பிறக்கும். முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள்: அலை பின்வாங்கிய மணலில் இருப்பதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். பொறியாளர்களே அதைக் கடற்கரைக் கோடு என்றுதான் சொல்வார்கள். அந்த ஷாஃப்ட் நேற்று உடைந்ததல்ல. பல நாளாக உடைந்துகொண்டிருந்தது.

விசிறியும் கியரும் இருக்கும் அவுட்போர்டின் காலுக்குள்ளோ தடிமனாக்க இடமே கிடையாது. வார்ப்புக் கூட்டின் அளவுக்குத்தான் கியர். இஞ்சின் உள்ளேயும் விசிறிக்கால் வெளியேயும் இருக்கும் படகுகளுக்கு மெர்குரூசர் கம்பெனியே சின்ன இஞ்சினுக்கு ஆல்ஃபா, பெரியதுக்கு பிராவோ என்று தனித்தனிக் கால் விற்கிறது. செய்தவனே பழைய காலுக்குக் கட்டுப்போட்டு ஓட்டச் சொல்லவில்லை.

சரி, எதுவும் உடையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வேகம் கிடைக்குமா? தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்கு, அதன் நீர்க்கோட்டு நீளமே கடிவாளம். 25 அடி நீளமென்றால் சுமார் 6.7 நாட், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதற்குமேல் தள்ளினால் படகு தானே எழுப்பிய அலைமீது ஏறமுடியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறும். காலிப் போட்டு அதைத் தாண்டி மேலே எழும்பிப் பறக்கலாம். காலையில் கிளம்பும்போது அப்படிப் பறப்பதைக் காட்டித்தான் இஞ்சின் விற்கிறார்கள். வலை, ஐஸ், ஆட்கள், பிடித்த மீன் எல்லாம் ஏறித் திரும்பும்போது யாரும் படம் பிடிப்பதில்லை. டீசல் மட்டும் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் போய்க்கொண்டே இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான பதில் மயிலாப்பூரிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே எழுதப்பட்டது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இயங்கியது. 1986-ல் அங்கிருந்து சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி ஒரு சிறு வெளியீடு வந்தது. எழுதியவர் குல்பிராண்ட்சன் என்ற படகு வடிவமைப்பாளர். வேகத்தைக் கொஞ்சம் குறை, இஞ்சினைச் சின்னதாக வை, விசிறியைப் பெரிதாக்கி மெதுவாகச் சுற்று: சாரம் இவ்வளவுதான். அலையடிக்கும் நம் கரைக்கென்று, சின்ன டீசல் இஞ்சினும் ஷாஃப்டும் விசிறியும் ஒன்றாகவே தூக்கிக்கொள்ளும் ‘பாப் டிரைவ்’ என்ற அமைப்பையும் அதே திட்டம் உருவாக்கியது. மணலில் இடித்து உடைவதற்கு மருந்து தடித்த இரும்பு அல்ல, இடிக்கும்முன் தூக்கிக்கொள்வது என்று புரிந்தவர்கள் செய்த வேலை.

“அதெல்லாம் சரி, லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்கு முதல்ல மீனைக் கொண்டாந்தவனுக்குத்தானே விலை?” என்பது நியாயமான கேள்வி. பக்கத்தில் மீன் இல்லை, தூரம் போகத்தான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஒருவர் 20 போட்டால் மறுவருஷம் குப்பம் முழுக்க 20. அப்புறம் முதலில் வருவது யார்? கேரளத்தில் ஏழெட்டுக் குதிரைத்திறனில் தொடங்கியது 25, 40 என்று ஏறி, ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று இஞ்சின் தொங்கும் நிலைக்கு வந்தது. இங்கே விசைப்படகுகளின் பந்தயத்துக்கு 240 குதிரைத்திறன் என்று கோடு கிழிக்கத் தமிழ்நாட்டு அரசே 2020-ல் விதி போடவேண்டியிருந்தது.

கிளம்பும்போது போட்டுக்காரரிடம் புதுப் பின்னு என்ன விலை என்று கேட்டேன். கையை விரித்துச் சிரித்தார், டீக்காசுதானாம். அந்த ஸ்டீல் போல்ட்டைத் தூக்கி எறிவார் என்று பார்த்தேன். லுங்கி முனையில் துடைத்துப் பெட்டிக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

“எதுக்கும் இருக்கட்டும் சார்.”