இரும்பை எண்ணினால் மட்டும் போதுமா?

காரை விற்றுக் காசு வாங்கியதோடு கம்பெனியின் பொறுப்பு தீரவில்லை, அது ஓடி ஓய்ந்த பிறகும் தொடர்கிறது என்கின்றன, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான மத்திய அரசின் விதிகள். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால், கம்பெனிகளுக்கு வைத்திருக்கும் இலக்கு இரும்போடு நின்றுவிடுகிறதே என்பதுதான் நம் கவலை.

செய்யும்போது, ஓட்டும்போது, உடைக்கும்போது என மூன்று கட்டங்களிலும் கார் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது. இதில் ஓட்டத்தின் பங்கே பெரிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் 10,000 லிட்டர் குடித்து, 23 டன் கரியமில வாயுவைக் கக்கியிருக்கும். வண்டியின் எடையே ஏறத்தாழ ஒரு டன்தான்!

மின்சாரக் காருக்கு மாறினால் பிரச்னை தீருமா? ஓரளவுக்குத் தீரும். உற்பத்தி முதல் ஓட்டம் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது, தூய போக்குவரத்துக்கான சர்வதேச ஆய்வு அமைப்பான ஐசிசிடி 2021-ல் வெளியிட்ட ஆய்வு. அதன்படி பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் வெளியிடும் பசுமை இல்ல வாயு ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவிகிதம் குறைவு. இந்தியாவிலோ 19 முதல் 34 சதவிகிதம்தான் குறைவு. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதே காரணம். சூரிய ஒளியும் காற்றாலையும் பெருகப் பெருக, பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் உள்ள இந்த வித்தியாசம் கூடும்.

கடைசிக் கட்டத்தைத்தான் நாம் கண்டுகொள்வதே இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள கார் ஆலைகளிலிருந்து வரிசையாகப் புதுக் கார்கள் வெளியே வருகின்றன. பழையவற்றில் பல, சென்னையின் நடுவே புதுப்பேட்டைக்கு வந்து சேர்கின்றன. அங்கே இன்ஜின் ஒரு கடைக்கும் கியர்பாக்ஸ் இன்னொரு கடைக்கும் போகும். கதவு, ரேடியேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. பிளாட்டினமும் பல்லேடியமும் கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குத் தனி கிராக்கி. மிஞ்சும் கூடு எடைக்குப் போகும். பழைய பாகங்கள் இப்படி மறுபடி பயன்படுவது, புதுப் பாகம் செய்யும் செலவை மிச்சப்படுத்துவதால், சூழலுக்கும் நல்லதே.

விலை போகாதவற்றின் கதிதான் மோசம். முறையாக வடிக்காத ஆயில் மண்ணில் இறங்குகிறது. சீட் ஃபோமும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் குப்பைக்குப் போகின்றன. ஏசி குழாயை வெட்டிய நொடியில் உள்ளிருக்கும் வாயு காற்றில் கலந்துவிடும். பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்ற வாயு, நூறு ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அரை கிலோ கசிந்தால், சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம்.

புதிய விதிகளின்படி, பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வாகனங்களில் இருந்த இரும்பில் 8 சதவிகிதத்துக்குக் கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும். அது பின்னர் 13, 18 என்று உயரும். சட்டமே இல்லாவிட்டாலும் இரும்பைக் காயலாங்கடைக்காரர் விட்டுவிடப்போவதில்லை. டயர், பேட்டரி, கழிவு ஆயிலுக்குத் தனி விதிகள் உண்டு. கண்ணாடிக்கும் ஃபோமுக்கும் ஏசி வாயுவுக்கும் கம்பெனி என்ன பதில் சொல்லும்? ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் காரின் மொத்த எடையில் 85 சதவிகிதத்தை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்பியாக வேண்டும் என்கிறது. நமக்கும் அந்த அளவுகோல்தான் தேவை. மொத்த எடைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தால், எளிதாகப் பிரித்தெடுக்கும்படி காரை வடிவமைக்கக் கம்பெனிகளே முன்வரும்.

பழைய காரைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால், அதே ரகப் புதுக் காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவிகிதம் கிடைக்கும் என்றது 2021-ல் வந்த மத்திய அரசின் கொள்கை. பாகம் பாகமாக விற்கத் தெரிந்தவர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் வண்டி அவரிடம்தான் போகும். ஆகவே, பதிவு பெற்ற மையங்களைத் திறப்பதோடு தமிழக அரசு நிற்கக் கூடாது. பழைய வண்டிகளை உடைத்தே பிழைக்கும் தொழிலாளர்களை விரட்டாமல் பயிற்சியும் உரிமமும் தர வேண்டும். ஆயிலை வடிக்கவும் ஏசி வாயுவைப் பிடிக்கவும் வசதியுள்ள பொதுக்கூடத்தை, அவர்கள் எளிதில் வந்துபோகும் தூரத்தில் கட்டித்தர வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கடமை உண்டு. டயரில் காற்றைச் சரியாக வைத்திருங்கள்; சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள்; தேவைக்கு மேல் பெரிய காரை வாங்காதீர்கள். ஓயும் காலம் வந்தால் பதிவு பெற்ற மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை சலுகை தர விதியில் இடம் இருக்கிறது. அந்தச் சலுகை முழுமையாக மக்கள் கைக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது மாநில அரசின் பொறுப்பு.